சாப்பா, துண்டு, பாஸ்போர்ட்: கொச்சியிலிருந்து கவி வரை

மட்டக்களப்புப் பக்கம் மிளகாயைக் கொச்சிக்காய் எண்டு சொல்லுவார்கள். மலையகத்தில் கொச்சிக்கா. கொழும்பில் அந்தோனியார் கோயில் இருக்கிற இடத்துக்குப் பெயர் கொச்சிக்கடை. கொச்சியிலிருந்து வந்தவர்களின் கடைகள் அங்கே இருந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்த்துக்கேயரோடு கடல் தாண்டிய காய். எங்களிடம் வந்து சேர்ந்தபோது ஒரு துறைமுகத்தின் பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது போல. இப்படித் தினமும் கறிச்சட்டிக்குள் கிடக்கிற ஊரை எங்களில் ஒருவரும் நேரில் கண்டதில்லை.

ஆகவே ஆறு பேர் சேர்ந்து வெளிக்கிட்டோம். யாழ்ப்பாணத்தார் மூன்று பேர், மட்டக்களப்பார் இரண்டு பேர், அட்டனிலிருந்து ஒரு தோழி. இரண்டு நாள் கொச்சி, மூன்று நாள் மலை என்பது திட்டம். மலை என்றதும் நாங்கள் நினைத்தது மூணாறு. அட்டன் தோழி கவிக்குப் போகவேணும் என்று பிடிவாதமாக நின்றாள். "அங்க நம்ம ஆளுங்க இருக்காங்க" என்பதற்கு மேல் அவள் ஒன்றும் விளக்கவில்லை. காட்டுக்குள் என்ன "நம்ம ஆளுங்க" என்று நாங்கள் பகிடி பண்ணினோம். அந்தப் பகிடிக்குப் பிறகு வெட்கப்பட்டோம். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கோட்டைக் கொச்சி

கோட்டைக் கொச்சியில் காலையில் நடக்கத் தொடங்கினால் மதியத்துக்குள் ஐந்நூறு வருசத்தைக் கடந்துவிடலாம். கரையில் சீன வலைகள். மரக்கம்பங்களில் தொங்கும் பெரிய வலையைக் கல்லுக் கட்டிய கயிறுகளால் நாலைந்து பேர் சேர்ந்து தாழ்த்தி ஏற்றுகிறார்கள். கொஞ்சத் தூரத்தில் 1503இல் போர்த்துக்கேயர் கட்டிய புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கொடகாமாவை அங்கேதான் புதைத்தார்கள். எலும்புகளைப் பிறகு போர்த்துக்கல்லுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெறும் குழிக்கு மேலே இருக்கிற கல்லைப் பார்க்கத்தான் இவ்வளவு சனம் நிற்கிறது.

மட்டாஞ்சேரியில் ஒரு அரண்மனை. 1555இல் போர்த்துக்கேயர் கொச்சி அரசருக்குக் கட்டிக் கொடுத்தது, பிறகு ஒல்லாந்தர் திருத்தியது. அதனால் பெயர் டச்சு அரண்மனை. பக்கத்திலே 1568இல் எழுந்த யூதர்களின் பரதேசி ஜெபாலயம். தரை முழுக்கக் கையால் நீலம் தீட்டிய சீன ஓடுகள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு போகையில் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு பெயர் தட்டுப்பட்டது: ரைக்லொஃப் வான் கூன்ஸ். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே ஒல்லாந்தத் தளபதிதான் 1663இல் கொச்சியையும் பிடித்தவர். ஆங்கிலேயர் வந்ததும் இதே மாதிரித்தான். 1795 ஓகஸ்டில் திருகோணமலை, செப்டெம்பரில் யாழ்ப்பாணம், ஒக்டோபரில் கொச்சி. நாங்கள் பள்ளிக்கூடத்தில் இலங்கை வரலாறு என்று தனியாகப் படித்தது, ஒரு கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கங்களாக இருந்திருக்கிறது.

எறியப்பட்ட தகரம்

மட்டாஞ்சேரியின் கடைத்தெருவில் இன்னும் பழைய கிட்டங்கிகள் இருக்கின்றன. மிளகு, சுக்கு, ஏலம் எல்லாம் கலந்த வாசம் தெருவிலேயே மூக்கில் அடிக்கிறது. ஒரு முற்றத்தில் பெண்கள் இருந்து சுக்குப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டபோது ஒருவர் தலையாட்டினார், மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எடுக்கவில்லை.

இந்தத் தெருக்களுக்கு இன்னொரு வரலாறு உண்டு. துறைமுகத்தில் கப்பலுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை சாப்பா முறையில்தான் ஒருகாலம் நடந்தது. சாப்பா என்பது சின்னத் தகர வில்லை. காலையில் நூற்றுக்கணக்கான ஆண்கள் கூடி நிற்பார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் அந்த வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசி எறிவார். அடிபட்டு, மிதிபட்டு, ஒன்றைப் பொறுக்கினவருக்கு அன்று வேலை. மற்றவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்கு. இந்த முறையை ஒழிக்கச் சொல்லிப் போராடியவர்கள் மீது 1953 செப்டெம்பர் 15ஆம் திகதி மட்டாஞ்சேரியில் பொலிஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆன்டனி என்ற மூன்று தொழிலாளர்களின் பெயரை அந்தப் போராட்டத்தோடு அங்கே நினைவுகூருகிறார்கள். கே. எம். சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார். அதிலிருந்து ராஜீவ் ரவி எடுத்த 'துறமுகம்' என்ற மலையாளப் படம் 2023இல் வெளிவந்தது. தேடிப் பாருங்கள். முதல் பகுதியில் வருகிற அந்த வில்லை எறியும் காட்சியைப் பார்த்தால் கொச்சியின் அழகான படங்கள் வேறு மாதிரித் தெரியும். கொச்சிக்கு வருகிறவர்கள் கையில் வைத்திருக்கிற சுற்றுலா வரைபடத்தில் நாங்கள் இந்த மூன்று பெயரையும் காணவில்லை.

அதே தெருவில் நின்று இன்னொன்றையும் யோசித்தோம். 1930களின் மந்தக் காலத்தில் கொழும்பில் வேலை செய்த மலையாளிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் இயக்கம் நடத்தியது. பலர் ஊர் திரும்பினார்கள். வேலைக்குக் கூப்பிடுவதும் பிறகு அந்நியன் என்று எண்ணுவதும் எங்கட தீவில் மலையகத்தாரோடு மட்டும் தொடங்கிய பழக்கம் இல்லை.

மலைப்பொருளும் கடல்பொருளும்

கொச்சிக்கு முன்பு இந்தக் கரையின் பெரிய துறைமுகம் முசிறி. கொச்சிக்கு வடக்கே, கொடுங்கல்லூர்ப் பக்கம், பெரியாறு கடலைச் சேர்கிற இடம். அங்கே பட்டணம் என்ற ஊரில் 2007இலிருந்து நடந்த அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் வெளிவந்தன. அகநானூறு 149ஆம் பாட்டில் யவனரின் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புகிறது. புறநானூறு 343இல் சேரன் மலைப்பொருளையும் கடல்பொருளையும் சேர்த்து வந்தவர்க்குக் கொடுக்கிறான். கொடுத்தவன் பெயர் பாட்டில் இருக்கிறது. மலைப்பொருளைக் காட்டிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தது யார் என்று பாட்டுக் கேட்கவில்லை.

முசிறியின் பெயர் வருகிற ஆவணம் ஒன்று இன்று வியன்னாவில் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பப்பிரஸ் தாள். ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலில் போன யானைத் தந்தமும் வாசனைப் பொருளும் துணியும் அதில் கணக்காக எழுதப்பட்டிருக்கின்றன. அந்தத் தாளின் மறுபக்கம் என்ன தெரியுமோ? கடன் ஒப்பந்தம். கடனைக் குறித்த நாளில் கட்டாவிட்டால் சரக்கு யாருக்குச் சொந்தம் என்ற விபரம். இந்தக் கடல் வணிகத்தைப் பற்றி எஞ்சியிருக்கிற மிக முக்கியமான தாள்களில் ஒன்று ஒரு கடன் துண்டு! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மலையில் திரும்ப வரும்.

1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் முசிறிப் பக்கத்தை மண்ணால் அடைத்துக் கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மலையில் பெய்த மழை துறைமுகத்தையே இடம் மாற்றியிருக்கிறது. ஆனாலும் எங்கட மனதில் துறைமுகம் தனிப்பாடம், மலை தனிப்பாடம்.

ஒரே ஒரு இடத்தில் மலையின் அறிவு பெயரோடு கரைக்கு வந்திருக்கிறது. கொச்சியின் ஒல்லாந்தத் தளபதியாக இருந்த வான் ரீட் தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' என்ற செடிகொடி நூல் ஆம்ஸ்டர்டாமில் 1678 தொடக்கம் 1693 வரை 12 பாகமாக அச்சானது. அதற்கு மருத்துவ அறிவைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். அவர் கையால் எழுதிக் கொடுத்த சாட்சிக் கடிதமும் நூலிலேயே அச்சானதால் அவர் பெயர் தப்பியது. செடியைக் காட்டுக்குள் போய்ப் பிடுங்கி வந்தவர்களின் பெயர் அதில் இல்லை.

ஏற்றம்

கொச்சியிலிருந்து குமுளிக்குப் பஸ்ஸில் ஐந்தாறு மணித்தியாலம். கோட்டயம் தாண்டி முண்டக்கயம் மட்டும் றப்பர். அதற்குப் பிறகு வளைவு வளைவாக ஏற்றம். குட்டிக்கானம், பீர்மேடு வந்ததும் யன்னலுக்கு வெளியே பச்சைப் பாய் விரித்த மாதிரித் தேயிலை. இங்கேயும் முதலில் கோப்பிதான் போட்டார்கள், பிறகுதான் தேயிலை. இலங்கையில் 1869இல் கோப்பி இலைநோய் தொடங்கிய கதையைப் படித்தவர்களுக்கு இது பழக்கப்பட்ட வரிசை.

வண்டிப்பெரியாற்றில் இறங்கித் தேத்தண்ணி குடித்தோம். ஊருக்கு நடுவால் பெரியாறு போகிறது, நாங்கள் கொச்சிப் பக்கம் கடலில் விட்டுவிட்டு வந்த அதே ஆறு. கடைகளில் தமிழ் எழுத்து. தோட்டத்துக்குள் நீளமாக ஒரே கூரையின் கீழ் அறை அறையாக வீடுகள். "லயம்" என்றாள் அட்டன் தோழி. தேத்தண்ணிக்கடைக்காரர் திரும்பிப் பார்த்து, "ஆமா, லயம்தான். உங்க ஊர்லயும் அப்படித்தான் சொல்வாங்களா?" என்று கேட்டார். இங்கேயும் தொழிலாளர்கள் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணிமார் கூட்டிவந்தவர்கள். அதே ஊர்களின் சனம்தான் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி எங்கட பக்கம் வந்தது. மலையின் இந்தப் பக்கம் இறங்கினால் பீர்மேடு, கடலின் அந்தப் பக்கம் ஏறினால் அட்டன்.

இலங்கைத் தோட்டங்களில் துண்டு என்று ஒரு முறை இருந்தது. கங்காணியின் கூட்டத்துக்கு இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுகிறோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கிற கடதாசி. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தொழிலாளியின் தலையில் கூடவே போகும். 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். தகர வில்லையைப் பொறுக்கினால்தான் கொச்சியில் அன்றைக்கு வேலை. கடதாசி இல்லாமல் மலையகத்தில் தோட்டம் மாற ஏலாது. சாப்பா வேலையை ஒரு நாளுக்கு மேல் தராது. துண்டு ஆளை ஒரு நாளும் விடாது. இரண்டுமே மனிசரை ஒரு சின்னப் பொருளுக்குள் அடக்கிக் கையில் வைத்திருக்கிற வேலைதான்.

தேக்கடியில் படகில் போனோம். ஏரி என்று எல்லோரும் சொல்வது முல்லைப்பெரியாறு அணையில் தேங்கிய நீர். 1886இல் திருவிதாங்கூரும் சென்னை மாகாணமும் 999 வருசக் குத்தகை எழுதின. பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடவேண்டிய ஆற்றைக் குடைந்து கிழக்கே தேனி, மதுரைப் பக்கம் திருப்பினார்கள். மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன, நீர்க்காகங்கள் இருக்க வசதியாக.

அடுத்த நாள் காட்டுக்குள் எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டிகள் மன்னான் சமூகத்தவர்கள். புலிகள் காப்பகமாக 1978இல் அறிவிக்கப்பட்ட இந்தக் காடு அவர்களின் பழைய இடம். இப்போது அவர்களின் குடியிருப்புகள் குமுளி ஓரத்தில் இருக்கின்றன. ஒருகாலம் களவாக வயணா மரப்பட்டை உரித்து விற்றவர்களையும் 1990களின் கடைசியில் ஒரு குழுவாக்கிக் காவலுக்கும் வழிகாட்டுதலுக்கும் எடுத்தார்கள். வயணா என்றால் காட்டுக் கறுவா. காட்டைத் தெரிந்தவர் அவர்தான் என்பதை அரசு ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

கவி

குமுளியிலிருந்து ஜீப்பில் வள்ளக்கடவுச் சோதனைச் சாவடி தாண்டிக் காட்டுக்குள் போகவேணும். வழியில் யானைச் சாணம், மழைக்கு அட்டை. 2012இல் வந்த 'ஓர்டினரி' என்ற மலையாளப் படத்துக்குப் பிறகு இந்த ஊருக்குச் சனம் குவியத் தொடங்கியது. பத்தனம்திட்டையிலிருந்து காட்டுக்குள்ளால் வருகிற அரசு பஸ்ஸில் ஏறவே தூர இடங்களிலிருந்து வருகிறார்கள்.

அந்தப் பஸ்ஸில் வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, இந்த ஊரில் வாழ்கிறவர்களில் பெரும்பாலானோர் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டு, 1974இல் ஆளுக்குப் பாதி 75,000 ஆகப் பிரித்தார்கள். அந்த எண்ணுக்குள் இருந்தவர்களை யாரும் ஒரு மேசைக்குக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. போனவர்களில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டுக்கு. ஒரு பகுதியினர் கேரளத்துக்கு: சிலர் புனலூரில் அரசு போட்ட றப்பர்த் தோட்டத்துக்கு, சிலர் மாநில வன வளர்ச்சிக் கழகம் கவியில் போட்ட ஏலத் தோட்டத்துக்கு.

அங்கே சமையல் செய்கிற ஒரு அம்மாவோடு கதைக்கக் கிடைத்தது. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சோறு பரிமாறும்போது நாங்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டே நின்றவர், "புள்ளைங்களா, நீங்க சிலோனா?" என்றார்.

"ஆமாம்மா. நான் அட்டன்" என்றாள் தோழி.

"அட்டன்ல எங்க?"

"டிக்கோயாப் பக்கம்."

அவர் கரண்டியை வைத்துவிட்டு வந்து எங்கள் வாங்கிலேயே இருந்துவிட்டார். பன்னிரண்டு வயதில் அப்பா அம்மாவோடு ரயிலில் தலைமன்னார் வந்து, கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். ஸ்டேசனில் போகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிப்பிடித்து அழுததால் அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று பெயர் வந்ததை நாங்கள் வாசித்திருந்தோம். அதில் வந்த ஒருவர் எங்களுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வந்தப்ப ரொம்பக் கஷ்டமாம்மா?" என்று கேட்டோம். கேட்கக்கூடாத கேள்வி போல இருந்தது. அவர் வேலையைப் பற்றித்தான் சொன்னார். "தேயிலைன்னா நின்னுக்கிட்டு எடுக்கலாம். ஏலம் அப்படி இல்ல. காய் தரையோட கெடக்கும். நாளெல்லாம் குந்தியிருந்து எடுக்கணும். எங்கம்மா இருபது வருசம் கொழுந்து எடுத்த கை, இங்க வந்து மறுபடி மொதல்லருந்து பழகுச்சு."

சாப்பாடு முடிந்தபிறகு லயத்துக்குக் கூட்டிப்போனார். பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். அப்பாவின் பாஸ்போர்ட், கண்டியில் இந்திய அலுவலகம் கொடுத்தது. அதோடு மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை. ஓரம் கரைந்த படத்தில் அவர் சின்னப் பிள்ளையாக, கண்ணை இறுக்கிக்கொண்டு. "இத வச்சிருந்தாத்தான் நாங்க யாருன்னு காட்ட முடியும். மக படிக்கப் போனப்பயும் இதத்தான் எடுத்துக்கிட்டு அலைஞ்சோம்" என்றார்.

தோழி அந்தப் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தாள். அவளுடைய அம்மம்மாவின் தங்கை குடும்பமும் இப்படித்தான் போனது. அம்மம்மாவின் குடும்பம் நின்றது, தங்கச்சி போனாள். ஒரே லயத்தின் இரண்டு காம்பிரா. கவியைத் தேடி அவள் வந்த காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. சித்தம்மா இங்கே இல்லை, எங்கே போனார் என்றும் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் போயிருக்கக்கூடிய ஒரு இடத்தையாவது பார்க்க வந்திருக்கிறாள்.

துண்டு ஒழிந்து நூறு வருசம் ஆகிவிட்டது. சாப்பா இன்று படத்தில் மட்டும். ஆனால் ஒரு ஆள் யார், எங்கே இருக்கலாம் என்பதை ஒரு சின்னக் கடதாசி தீர்மானிக்கிற வழக்கம் முடியவில்லை. லயம் என்பது வேலையோடு வருகிற கூரை. வேலை நின்ற பிறகு அந்தக் கூரை யாருடையது என்ற கேள்வி அட்டனிலும் கவியிலும் ஒரே கேள்விதான். இலங்கையில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எஞ்சிய நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. காணி உரிமை இன்னும் எங்கட சனத்தின் கோரிக்கைப் பட்டியலில்தான் இருக்கிறது.

வெளிக்கிடும்போது அந்த அம்மா ஒரு போத்தலில் ஊறுகாய் போட்டுத் தந்தார். "கொச்சிக்கா ஊறுகா, காரமா இருக்கும்" என்றார். பக்கத்தில் நின்ற பேரன் சிரித்தான். "ஆயா மட்டுந்தான் அப்படிச் சொல்லும். இங்க எல்லாரும் மொளகுன்னுதான் சொல்வாங்க."

கொச்சியிலிருந்து ஒருநாள் பயணத் தூரத்தில், ஊரே மலையாளம் பேசுகிற இடத்தில், கொச்சியின் பெயரை மிளகாய்க்கு வைத்துச் சொல்கிறவர்கள் கடல் தாண்டி வந்த இந்தக் குடும்பங்கள் மட்டும்தான் போல.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரியிலோ டிரங்குப் பெட்டியிலோ பழைய கடதாசிகள் இருக்கும்: பிறப்புப் பதிவு, செக்ரோல் துண்டு, பாஸ்போர்ட், குடும்ப அட்டை, இந்தியாவிலிருந்து வந்த நீலக் கடிதம். அதைப் படம் எடுங்கள். யார், எந்தத் தோட்டம், எந்த வருசம் போனார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பின்னால் எழுதி வையுங்கள். கொச்சியில் வாஸ்கொடகாமாவின் வெறும் குழிக்கே கல் வைத்திருக்கிறார்கள். எங்கட சித்தம்மாமாருக்கு ஒரு வரியாவது இருக்கட்டும்.